அடிப்பக்கத்து ஸ்குரூ

எல்லா ஸ்குரூவையும் முறுக்கி வை, ஒண்ணுகூட ஆடப்பிடாது என்று சொல்லிவிட்டு, சாப்பிட்ட கையைத் துடைத்தபடியே வேதமணி ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைப்புரைக்குப் போய்விட்டார். சொன்னது என்னவோ மீன்கறிக்கு இன்னும் கொஞ்சம் புளி ஊற்று என்கிற குரலில்தான். கமலபாய் பாதிச் சோற்றோடு தட்டை எடுத்து வைத்துவிட்டாள். மேசையைத் துடைத்து, பழைய பேப்பரை விரித்து, அதன்மேல் ரிவால்வரை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலு மணிக்கு ஆல்பர்ட் வருகிறான். அவருடைய கூடப்பிறந்த தம்பி. சும்மா வந்தால் யார் வேண்டாமென்றார்கள், சர்வேயரைக் கூட்டிக்கொண்டு வருகிறான். தன் பங்கு மலையைப் பாறை உடைக்கிற கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டான், லாரி போக வழி வேண்டும், அந்த வழி இந்த வீட்டு முற்றத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது, அதற்குக் கல் நட வருகிறான். முற்றத்தில் அவன் கால் பட்டால் சுட்டுப்போடுவேன் என்று போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் ஊர்க்காரர் அத்தனை பேர் காதிலும் விழும்படி இவர் சொல்லியிருக்கிறார். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மறந்துபோகிற ஆளென்றால் கமலபாய் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கப்போகிறாள்? கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறாள், சொன்னால் செய்வார். சிகரெட்டை விடுகிறேன் என்றார், விட்டார். அக்காள் வீட்டுப் படி ஏறமாட்டேன் என்றார், அக்காள் செத்த அன்றும் வாசலில்தான் நின்றார். தோட்டாக்களை அவரே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். எப்போதும் அலமாரியில் வைத்துப் பூட்டுகிறவர் இன்றைக்குப் பையில் போட்டுக்கொண்டார், அதை அவள் பார்த்தாள், அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

காலிதான் என்று தெரிந்தும் உருளையைத் தள்ளித் திறந்து ஒவ்வொரு குழியிலும் விரலை விட்டுப் பார்த்தாள். இது பழக்கம். மாமனார் இருந்த காலத்தில் அவர் தன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்ததை, கதவோரம் நின்று கேட்டுக் கேட்டு அவளுக்குப் பாடமானது. என்ன கனம் கனக்கிறது! குழவிக்கல்லைத் தூக்குகிற மாதிரி இருக்கிறது. மாமனார் வெள்ளைக்காரத் தோட்டத்துத் துரையிடமிருந்து வாங்கியது, மலைக்குள் ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு யானைப் பயம் என்று சொல்லி லைசன்ஸும் எடுத்தது. ஒரு தடவை சுட்டால் கை தோள் வரைக்கும் பின்னால் போய் வரும். இவர் வானத்தைப் பார்த்துத்தான் சுடுவார், யானைமேல் ஒரு நாளும் சுட்டதில்லை, சத்தத்துக்கே அது போய்விடும். யானை போய்விடும், உதை மட்டும் இங்கேயே தங்கிவிடும். இவருடைய மணிக்கட்டில் பாதி, இந்த இரும்பில் பாதி. ஒவ்வொரு தடவையும் சுட்ட பிறகு பக்கத்துத் தகட்டு ஸ்குரூக்கள் இளகிப்போயிருக்கும். முறுக்கி வைத்தால் அடுத்த உதையில் மறுபடியும் இளகும். மனுஷர்களும் இப்படித்தானே, ஒரு குடும்பம் எத்தனை உதையைத் தாங்கும் என்று நினைத்தாள், நினைத்த உடனே தன்மேலேயே எரிச்சல் வந்தது. இருக்கிற வேலையைப் பார்க்காமல் பெரிய பிரசங்கம்! ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். மாமனார் கல்லில் தேய்த்துத் தேய்த்து இதற்கென்றே பதம் பண்ணினது, ஸ்குரூவின் வெட்டுக்குள் இடுக்கில்லாமல் போய் உட்காரும். உட்காராததைப் போட்டுத் திருகினால் வெட்டு சிதைந்து அசிங்கமாகிவிடும். முதல் ஸ்குரூ இளகித்தான் இருந்தது. திருகினாள். கை நடுங்கவில்லை. கை நடுங்காதது அவளுக்கே பிடிக்கவில்லை.

முறுக்கின ஸ்குரூவின் தலைமேல் ஒரு பொட்டு கியூட்டெக்ஸ். அதுவும் மாமனார் கண்டுபிடித்ததுதான், அவர் எங்கே போய் நகத்துக்குப் பூசுகிறதைக் கண்டாரோ! ஸ்குரூவின் ஓரத்தில் கொஞ்சம், இரும்பில் கொஞ்சம் படுகிற மாதிரி வைத்தால் காய்ந்து பிடித்துக்கொள்ளும். இளகினால் பொட்டு விண்டுபோய்க் காட்டிக்கொடுக்கும். இப்போது வைக்கிறது மகள் ஷைனியினுடையது. அவள் கல்யாணமாகி பஹ்ரைனுக்குப் போனபோது கண்ணாடி முன்னால் விட்டுவிட்டுப் போன சிவப்பு. துப்பாக்கிக்கு நெகம் பாலிஷ் போடுகிற குடும்பம் உலகத்திலேயே நம்ம குடும்பம்தான் அம்மா என்று போனில் சிரிப்பாள். மகளே, நீ அங்கே சிரி. உங்க சித்தப்பா நாளைக்கு வருகிறார் என்று நேற்று சொன்னபோது ஷைனி சிரிக்கவில்லை. அப்பாவிடம் அதைக் கொடுக்காதே, ஒளித்து வை என்றாள். எங்கே ஒளிக்கிறது? அவர் தேடினால் கிடைக்காத இடம் இந்த வீட்டில் எது? ஒளித்தால்தான் கோபம் இன்னும் ஏறும். அரிவாள் இருக்கிறது, ஷீட் மெஷினின் இரும்புக் கம்பி இருக்கிறது. எல்லாவற்றையும் ஒளிக்க முடியுமா? அதுமட்டுமா, இதை ஒளித்துவிட்டால் நாளைக்கு விடியுமுன்னே யானை நடமாடுகிற மலைப்பாதையில் அவர் எதை வைத்துக்கொண்டு ஏறுவார் என்கிற இடத்தில் வந்து நினைப்பு முட்டிக்கொண்டு நின்றது. காலையிலிருந்து அந்த இடத்தில்தான் முட்டுகிறது.

ஒளிக்க மனசு வராததற்குக் கமலபாயைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? வெடிக்காத துப்பாக்கி என்ன செய்யும் என்று இந்த வீட்டுக்குத் தெரியும். ஒரு கிறிஸ்துமஸ் சமயம், துப்பாக்கிக்குப் போடுகிற எண்ணெய் தீர்ந்துபோயிற்று. குலசேகரத்துக்குப் போய் வாங்கி வரச் சோம்பல், என்ன எண்ணெயானால் என்ன என்று இவர் சமையல்கட்டிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்து உள்ளுக்கெல்லாம் ஊற்றித் துடைத்து வைத்தார். தலைக்கு, கறிக்கு, சிரங்குக்கு, முட்டுவலிக்கு எல்லாவற்றுக்கும் அதுதானே நம்ம பக்கத்தில், இதற்கும் ஆகும் என்று நினைத்துவிட்டார். மார்கழிக் குளிரில் குப்பியில் உறைகிற எண்ணெய் துப்பாக்கிக்குள்ளும் உறையும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. விடிகிற நேரம், பால் வெட்டப் போன நேசையன் அலறுகிற சத்தம் கேட்டு ஓடினார். பாதையில் கொம்பன் யானை நிற்கிறது. இவர் கையைத் தூக்கி விசையை இழுக்கிறார், பின்னால் தோட்டாவை அடிக்கிற சுத்தி பசைக்குள் நகர்கிற மாதிரி நகர்ந்து டொக் என்று விழுகிறது. வெடிக்கவில்லை. மறுபடி டொக். நேசையன் உயிரோடு இருப்பது ஆண்டவர் கிருபை, ஆனால் அவர் வலது கால் இன்றைக்கும் வேறு யாருடைய காலோ மாதிரி பின்னால் இழுபட்டு வருகிறது. அன்றைக்கு வந்ததுதான் இவருக்கு இந்தக் கை ஆட்டம். டாக்டர் நரம்புக்கோளாறு என்று ஏதோ பெயர் சொல்லி மாத்திரை எழுதினார், கமலபாய் நம்பவில்லை. அந்த டொக் சத்தம்தான் கைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது என்று அவள் நினைப்பு. பிறகு ஸ்குரூ டிரைவரை அவரால் பிடிக்க முடியவில்லை. இந்த வேலை அவள் கைக்கு வந்தது அப்படித்தான், கேட்டு வாங்கிக்கொண்டதில்லை. ஆல்பர்ட் சொன்னதும் அந்த ஆட்டத்தைத்தான். சர்ச் வாசலில் அவன் சிரித்துக்கொண்டு, நீ எங்க சுடப்போறே, சாயா கிளாஸ நேரா பிடிச்சிக் காட்டு பாப்போம் என்றான். அத்தனை பேர் முன்னால். அந்தச் சிரிப்பை மட்டும் அவன் சிரிக்காமல் இருந்திருந்தால்!

ஆல்பர்ட்டை நினைத்தால் கோபம் வரத்தான் செய்கிறது, ஆனால் கோபத்துக்கு அடியிலே அவனுடைய பழைய முகம் கிடக்கிறது, என்ன செய்ய? அவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது தாயில்லாத பிள்ளை அவன், ஒன்பதாம் கிளாஸ். மைனி, மைனி என்று பின்னாலேயே நடப்பான். சாளை மீன் பொரித்தால் சட்டியிலிருந்தே எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நாக்கு வெந்து குதிப்பான். அவனுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் கிடந்தது அவள்தான். பிறகு அவனுக்கு ஆசை பெருத்தது, அதற்கேற்ற பெண்டாட்டி, அதற்கேற்ற சிநேகிதம். கெட்டவன்தான், யார் இல்லை என்றது? ஆனாலும் முற்றத்தில் அவன் குப்புற விழுந்து கிடக்கிற மாதிரி ஒரு காட்சி காலையிலிருந்து கண்ணுக்கு முன்னால் வருகிறது. வெள்ளைச் சட்டையோடு கிடக்கிறான், முகம் தெரியவில்லை, பின்மண்டையில் ஒன்பதாம் கிளாஸ்காரனின் சுழி தெரிகிறது. பக்கத்தில் இவர் நிற்கிறார், கை ஆடவில்லை. போலீஸ் ஜீப்பில் ஏறும்போது அவளைத் திரும்பிப் பார்க்கிறார், அது கோபப் பார்வையில்லை, முறுக்கித் தந்தாயே என்கிற பார்வை. ஐயோ ஆண்டவரே! கமலபாய் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்து, சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். இரண்டாவது ஸ்குரூ கொஞ்சம்தான் இளகியிருந்தது. அதையும் முறுக்கினாள், பொட்டு வைத்தாள். குழலுக்குள் பிரஷ் விட்டாள், துணி விட்டாள், கறுப்பாக வந்தது, மறுபடி விட்டாள், வெள்ளையாக வந்தது. அதில் ஒரு திருப்தி வந்தது பாருங்கள், அடுப்பு மேடையைத் துடைத்து முடித்தால் வருகிற அதே திருப்தி, அது வந்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பாவி மனசு எதிலெல்லாம் போய்த் திருப்திப்படுகிறது!

இனி பிடிதான் பாக்கி. கைக்கு உதை கொஞ்சம் குறையட்டும் என்று மரப்பிடிக்குமேல் மாமனார் மாட்டி வைத்த ரப்பர் பிடி. அதைக் கழற்றினால்தான் அடிப்பக்கத்து ஸ்குரூ தெரியும். அது மற்ற ஸ்குரூக்களைப் போலத் தகட்டைப் பிடிக்கிற ஸ்குரூ இல்லை. உள்ளே இருக்கிற பட்டை ஸ்பிரிங்கை அழுத்தி விறைப்பாக வைத்திருப்பது அதுதான். அந்த விறைப்பில்தான் சுத்திக்கு வேகம். அது இளகினால் சுத்தி விழும், ஆனால் பூ விழுந்த மாதிரி விழும், தோட்டா வெடிக்காது. இழுத்தால் டொக். கமலபாய்க்கு அது தெரியும், அவர் சொன்ன நிமிஷத்திலிருந்தே அவளுடைய மனசு இந்த ஸ்குரூவைச் சுற்றித்தான் வந்துகொண்டிருந்தது, பக்கத்தில் வராமல் தூரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்சம் திருப்பிவிட்டால் போதும். ரப்பர் பிடி மூடிக்கொள்ளும். யாருக்குத் தெரியும்? ஆல்பர்ட் பிழைப்பான், இவரும் பிழைப்பார். ஆனால் நாளைக்கு விடிகிற நேரம்? ஈற்று முடிந்த பிடியானை ஒன்று குட்டியோடு தோட்டத்தின் கிழக்கு மூலையில் நிற்கிறதாம், நேசையன் முந்தாநாள் சொன்னார். அதன் முன்னால் இவர் டொக் என்று நின்றால்? முறுக்கினால் தம்பி, இளக்கினால் புருஷன். இப்படியா ஒரு பெண்பிள்ளை கையில் கொண்டு கொடுப்பது? நேசையனும் அந்தப் பாதையில்தான் வருகிறார். அவருக்கு இன்னொரு காலா இருக்கிறது?

ரப்பர் பிடியை உருவினாள். மரப்பிடிக்குக் கீழே அந்த ஸ்குரூவைப் பார்த்தாள். பார்த்தவள் பேப்பரோடு ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மறுபடி பார்த்தாள். ஸ்குரூ வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. உதையில் இளகினதாக்கும் என்று முதலில் தோன்றியது. உதையில் இளகினால் பொட்டு விண்டல்லவா இருக்க வேண்டும்? பொட்டு விள்ளவில்லை. வெளியே தள்ளி நிற்கிற நிலையிலேயே, அதன்மேல் புதிதாக கியூட்டெக்ஸ் பூசியிருந்தது. பூசியிருந்தது என்று சொல்லக்கூட முடியாது. அப்பியிருந்தது. ஸ்குரூவில் கொஞ்சம், இரும்பில் கோணல்மாணலாக ஒரு இழுப்பு, மரத்தில் ஒரு சொட்டு, அதைத் துடைக்கப் பார்த்த விரலின் ரேகை. ஸ்குரூவின் வெட்டு சிதைந்திருந்தது, டிரைவர் நழுவி நழுவிப் போனதில் பக்கத்தில் இரண்டு மூன்று கீறல். கமலபாய் ஒரு பொட்டும் இப்படி வைத்ததில்லை. இது ஆடுகிற கை வைத்த பொட்டு. போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து, அவள் கோழிக்குத் தீனி வைக்கப் போன நேரம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாரே, கேட்டதற்குத் தலைவலி என்றாரே, மறுநாள் ஷைனியின் குப்பி மூடி சரியாகத் திருகாமல் கிடந்ததே! சுட்டுப்போடுவேன் என்று ஊர் கேட்கச் சொன்ன வாய், வீட்டுக்கு வந்து தன்னையே நம்பாமல் இதைத் திறந்து உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு நேரம் உட்கார்ந்தாரோ. அப்படியானால் இந்த ஒரு வாரமும் வெடிக்காத இதைத்தான் கையில் பிடித்துக்கொண்டு மலைப்பாதையில் நடந்தாரா? அந்தச் சின்ன வெட்டுக்குள் டிரைவரை உட்கார வைக்க அந்தக் கை எத்தனை தடவை நழுவியதோ. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லக்கூடாதா மனுஷா என்று அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது, மூக்கைச் சிந்தினாள், கையில் இருந்த எண்ணெய் முகத்தில் பட்டது.

அழுதுகொண்டே இருக்கும்போதே நினைப்பு மறுபடி கொக்கி மாட்டிக்கொண்டது. அப்படியென்றால் இன்றைக்கு ஏன் எல்லா ஸ்குரூவையும் முறுக்கச் சொன்னார்? எல்லா ஸ்குரூவும் என்றால் இதையும் சேர்த்துத்தானே? ஒரு வாரமாகத் தன்னைப் பிடித்து வைத்திருந்தவர் இன்றைக்குப் பிடியை விட்டுவிட்டாரா? ஆல்பர்ட்டின் சிரிப்பு திரும்பக் காதில் கேட்டுவிட்டதா? தோட்டாவைப் பையில் போட்டுக்கொண்டு போனாரே. இல்லை, வேறு மாதிரியும் இருக்கலாம். பிடியைக் கழற்றினால் அவள் பார்ப்பாள் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் கொடுத்தாரா? வாயால் சொல்ல முடியாததைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாரா? முறுக்கி வை என்று வாய் சொன்னது, நீயே பார்த்துச் செய் என்று கை சொன்னது, இதில் எதை நம்புவது? அவர் கண்ணை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். சாப்பிடும்போது அவளைப் பார்த்தாரா? மீன் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முறுக்கச் சொன்னார், முறுக்கு. இல்லை, இளக்கி வைத்ததும் அவர்தானே, விட்டுவிடு. இல்லை, முறுக்கு. எலி கூண்டுக்குள் ஓடுகிற மாதிரி மனசு அதே வழியில் ஓடி அதே கம்பியில் மோதியது. டிரைவரை வெட்டில் வைத்தாள். சிதைந்த வெட்டில் அது நழுவியது. மறுபடி வைத்தாள். அப்போதுதான் கீழே ஏற்றத்தில் ஜீப் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. நாலு மணி ஆகியிருக்காதே என்று நினைத்தாள். நேரமே வந்துவிட்டான், எதிலும் அவனுக்கு அவசரம்தான்.

அவள் கை அவளைக் கேட்கவில்லை. இடப்பக்கமாகத் திருப்பியது. காய்ந்த சிவப்பு பொருபொருவென்று உதிர்ந்தது, ஸ்குரூ இளகியது, இன்னும் இளகியது, முழுக்க வெளியே வந்து உள்ளங்கையில் விழுந்தது. இவ்வளவுதானா நீ? மிளகு மாதிரி இருக்கிறாய், உனக்காகவா நான் இவ்வளவு நேரம் செத்துக்கொண்டிருந்தேன்? புழக்கடையில் செருப்புச் சத்தம். தொட்டியில் தண்ணீர் மொண்டு முகம் கழுவுகிற சத்தம். ஜாக்கெட்டுக்குள் போடலாமா என்று நினைத்தாள், வாயில் போட்டுக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தாள், கடைசியில் ஷைனியின் குப்பியைத் திறந்து அதற்குள் போட்டாள். கழுத்தில் ஒரு கணம் மாட்டி நின்றது. பிரஷ் முனையால் தள்ளினாள், உள்ளே முங்கியது. மூடியைத் திருகிவிட்டு ரப்பர் பிடியை எடுத்து மாட்டப் போனவள், மாட்டவில்லை, பேப்பர்மேல் அப்படியே விட்டாள். எதையும் மூடி வைக்க இனி அவளுக்குத் தெம்பில்லை.

வேதமணி உள்ளே வந்தார். துவைத்த சட்டை போட்டிருந்தார், பையில் தோட்டாக்களின் கனத்தில் சட்டை ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. வலது கையை வழக்கம்போல் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார், அப்படி வைத்தால் ஆடுவது தெரியாது. முடிஞ்சுதா என்று கேட்டார். ஜீப் முற்றத்துக்கு வெளியே வந்து நின்றது, கதவு சாத்துகிற சத்தம் இரண்டு தடவை கேட்டது. கமலபாய் நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து மனசுக்குள் அவரோடு எவ்வளவோ பேசியாயிற்று, காலைப் பிடித்து அழுதாயிற்று, சண்டை போட்டாயிற்று, அதில் ஒன்றுகூட இப்போது வரவில்லை.

“ஒரு ஸ்குரூவ காணல” என்றாள்.

அவர் மேசையைப் பார்த்தார். கழற்றிப் போட்ட ரப்பர் பிடியைப் பார்த்தார், அடிப்பக்கத்தில் ஸ்குரூ இருந்த ஓட்டையைப் பார்த்தார், அதைச் சுற்றி அவர் கையே அப்பின சிவப்பைப் பார்த்தார். பிறகு அவளுடைய விரலில் ஈரமாக இருந்த சிவப்பைப் பார்த்தார். அவர் பார்க்கிறார் என்று தெரிந்தும் அவள் விரலை மடக்கிக்கொள்ளவில்லை. முற்றத்துக்கு வெளியிலிருந்து ஆல்பர்ட் “மைனீ” என்று கூப்பிட்டான். அண்ணனைக் கூப்பிட வாய் வரவில்லை போலிருக்கிறது, வாசலைத் தாண்டவும் கால் வரவில்லை.

“தேடண்டாம்” என்றார் வேதமணி.

பையிலிருந்து தோட்டாக்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பேப்பர்மேல் வைத்தார், ஒன்று கை ஆட்டத்தில் உருண்டு கீழே போனது, அதை அவர் குனிந்து எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. நாளையிலேருந்து மலைவழி வேண்டாம், நேசையன்ட்ட சொல்லு, நானும் அவரும் ரோட்டு வழியா சுத்தி வாறோம், நேரம் ஆனா ஆவட்டும் என்றார். நாளைக்கு இதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னார். முற்றத்தை விட்டுக்கொடுக்கப் போவதில்லை, கோர்ட்டுக்குப் போனாலும் சரி, அதை அவனிடம் இப்போதே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன் என்றார். அவனுக்கும் சேத்து சாயா போடு என்றார். எல்லாவற்றையும் மீன்கறிக்குப் புளி சொல்கிற அதே குரலில்தான் சொன்னார், ஆனால் கடைசி வார்த்தை பாதியில் உடைந்தது. வாசலுக்குப் போகிறவரை கமலபாய் பார்த்துக்கொண்டே நின்றாள். படியில் இறங்கும்போது வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார், பிறகு என்ன நினைத்தாரோ, முன்னால் எடுத்துத் தொங்கவிட்டார். அது ஆடியது. ஆல்பர்ட் பார்க்கப் பார்க்க அந்தக் கையை அப்படியே ஆடவிட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கி அவனைப் பார்த்து நடந்தார்.